பனி ஏரியில் என் மாமனார்

என் மாமனார் தன்னுடைய ஐந்து மா நிலத்தை, அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல், குத்தகைக்காரர் பக்கிரியின் மகள் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். குத்தாலம் பக்கத்தில் எங்கள் ஊரில் இன்றைக்கும் ஒருவரும் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பைபாஸ் ரோடு அந்தப் பக்கம் வரப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்கிறார்கள் சிலர். அந்த நிலத்தில் ஏதோ வில்லங்கம், அதைத்தான் பாவம் அந்தப் பெண் தலையில் கட்டிவிட்டார் என்கிறார்கள் வேறு சிலர். உள்ளாட்சித் தேர்தலுக்கு அடிபோடுகிறார் என்று ஒரு கட்சிக்காரர்களும், மற்றக் கட்சி சொல்லித்தான் செய்தார் என்று இன்னொரு கட்சிக்காரர்களும் பேசிக்கொண்டார்கள். அவர் காதுக்கும் இதெல்லாம் வரும்.

"ஒருத்தன் சும்மா குடுக்குறான்னா சந்தேகப்படத்தான செய்யணும். அவங்க மேல என்ன தப்பு" என்பார்.

சந்தேகப்படுவதுதான் அவர் ஆயுள் முழுக்கப் பார்த்த வேலை. விவசாயம் அதற்கு அடுத்தது.

கும்பகோணம் போகும் பஸ் வந்து நிற்கும். போர்டில் கும்பகோணம் என்றே எழுதியிருக்கும். கண்டக்டரைக் கேட்பார். முன்னால் நடந்து போய் டிரைவரைக் கேட்பார். ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரரையும் ஒருதரம் கேட்டுவிடுவார். "மூணு பேரு சேர்ந்து ஒரே பொய்யச் சொல்றது கஷ்டம்" என்பது அவர் கணக்கு.

மேட்டூர் அணை திறந்தாகிவிட்டது என்று செய்தி வந்தால் ஊரே விதை ஊறவைக்கும். இவர் மூட்டையைப் பிரிக்கமாட்டார். "பேப்பர்ல வர்ற தண்ணி வயலுக்கு வராது" என்பார். வாய்க்காலில் தண்ணீர் வந்து, அவரே இறங்கி நின்று, கணுக்கால் நனைந்த பிறகுதான் நாற்றங்கால். அதனால் சில வருஷம் நடவு பிந்தி, கதிர் வரும் நேரத்தில் மழையில் மாட்டிக்கொண்டு நஷ்டப்பட்டிருக்கிறார். சில வருஷம் தண்ணீர் கடைமடை வரை வராமலே போய், ஊரில் எல்லோருடைய நாற்றும் கருக, இவர் விதைநெல் மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது. அந்த வருஷங்களை மட்டும்தான் அவர் ஞாபகம் வைத்திருந்தார்.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கலர் டிவி கொடுத்தபோது, வாங்கிவந்து அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டார்.

"யாருக்கு ஓட்டுப் போடப் போறோம்னு உள்ளேர்ந்து பாக்குறானோ என்னமோ."

"அது நம்மளப் பாக்காது. நாமதான் அதப் பாக்கணும்" என்றார் என் மாமியார்.

"இருக்கட்டும். எலெக்ஷன் முடியட்டும்."

முடிந்த மறுநாள் அவரே இறக்கித் துடைத்துக் கூடத்தில் வைத்தார்.

அப்படிப்பட்டவருடைய மகனை நான் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டேன். என் அப்பா நாகப்பட்டினத்தில் படகு வைத்து மீன்பிடித் தொழில் செய்தவர். நாங்கள் கடற்கரை ஜனம், அவர்கள் வயல்காரர்கள். ஜாதியும் வேறு. மாமனார் சத்தம் போடவில்லை, வெட்டுவேன் குத்துவேன் என்று சொல்லவில்லை. நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினார். ஏலக்கூடத்தில் ஒருவரிடம், துறைமுகத்து டீக்கடையில் ஒருவரிடம், எங்கள் தெரு முனை சைக்கிள் கடையில் ஒருவரிடம் என்று எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரித்துவிட்டு, எங்கள் வீட்டு வாசல் வழியாகவே நடந்துபோய்த் திரும்பிவிட்டார். சைக்கிள் கடைக்காரர் வந்து சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரியும்.

"ஒன் மாமனாரு என்ன, சிஐடியா?" என்று கேட்டார் அப்பா.

ஒரு வருஷத்துக்கு அவர் என்னோடு பேசவில்லை. அந்த வீட்டில் முதல் முறை சமைத்த அன்று வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் துண்டத்தை விரலால் தள்ளிவிட்டு மாமியாரிடம் சொன்னார்: "ஆத்து மீனுன்னா துள்ளுறதப் பாத்து வாங்கலாம். கடல் மீனு எப்பச் செத்துச்சுன்னு யாருக்குத் தெரியும்." மாமியாரிடம் சொன்னது எனக்குத்தான் என்று தெரியும். நான் அடுப்படியிலிருந்தே சொன்னேன், செவுளைப் பார்க்கத் தெரிந்தவனுக்குத் தெரியும் என்று. அடுத்த வாரம் மீன்காரி வாசலில் கூடையை இறக்கியபோது, "உள்ள ஆள் இருக்கு, வந்து பாக்கட்டும்" என்றார். அதன்பிறகு நான் பார்த்து எடுக்காத மீனை அவர் சாப்பிட்டதில்லை. எனக்கு அதில் பெருமையில்லை. எனக்கு முன்னால் அந்த வேலையை மாமியார்தான் செய்துகொண்டிருந்தார், அவரை நம்பாமல் ஆக்கிவிட்டாரே என்றுதான் இருந்தது.

சுனாமி வந்தபோது எங்கள் தெருவே போயிற்று. என் சித்தியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். சில நாள் கழித்து மாமனார் டிராக்டரில் புழுங்கலரிசி, புளி, மிளகாய், கோரைப்பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். சட்டையில் அட்டை குத்தியிருந்த ஒருவர், ஸ்டோர் ரூமில் இறக்கிவைக்கச் சொன்னார்.

"ரூமுக்குள்ள போற அரிசி எந்த வழியா வெளிய போகும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, வெயிலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் தானே படியால் அளந்து போட்டார். ஒருவர் இரண்டாம் முறை வரிசையில் வந்தார்.

"நீங்க முன்னயே வாங்கிட்டீங்க."

"பக்கத்து வீட்டுக்காரருக்குங்க. அவரால நடக்க முடியல."

மாமனார் படியைக் கீழே வைத்துவிட்டு அந்த ஆளோடு கூடவே போனார், அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பார்க்க. இருந்தார், வகுப்பறை மூலையில், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு. மாமனார் திரும்பி வந்து அரிசியோடு இரண்டு பாயையும் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் அப்பா என்னிடம் சொன்னது மறக்கவில்லை. "நல்ல மனுசன்தான். ஆனா பக்கத்துல உக்காந்தா நாமளே எதையோ திருடிட்ட மாதிரி இருக்கு."

மாமியார் இறந்த பிறகு அவர் தனியாக இருந்தார். என் கணவருக்கு வேலை வட ஸ்வீடனில், சுரங்கம் இருக்கிற ஒரு சின்ன ஊரில். நாங்கள் எத்தனையோ முறை கூப்பிட்டும் வராதவர், ஒரு கார்த்திகை மாதம் தானாகவே போன் செய்து வருகிறேன் என்றார். தஞ்சாவூருக்குப் போனாலே சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடுகிற மனுஷர். எனக்கு அப்போதே பொறிதட்டியது. அவரோடு இத்தனை வருஷம் பழகியதில் அந்தக் குணம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

வந்தவர் ஜன்னலருகே உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கிற இடமெல்லாம் பனியும் காடும்.

"இவ்ளோ நெலம் சும்மா கெடக்குதே, யாரு பேர்ல இருக்கு?"

"கவர்மென்ட்டாத்தான் இருக்கும் மாமா."

"வரப்பே இல்லயே. அப்ப எதை வெச்சு இது இவனோடது அது அவனோடதுன்னு சொல்றான்?"

எதிர்வீட்டுக் கிழவர் தினமும் கையாட்டுவார். இவர் பதிலுக்குக் கையாட்டிவிட்டு, "எதுக்கு இவன் நம்மளயே பாத்துக்கிட்டிருக்கான்" என்பார்.

ஆனால் நான் கவனித்தது வேறு. மகனும் அப்பாவும் கூடத்தில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் 'பக்கிரி' என்று காதில் விழுந்தது. இன்னொரு நாள் 'கையெழுத்து.' பக்கிரி யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் நிலத்தில் ஐந்து மாவை அவருடைய அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுகிற குடும்பம். குத்தகைச் சட்டம் வந்தபோது பக்கிரி பெயரைக் குத்தகைதாரர் என்று பதிவு செய்துவிட்டார்கள். அவரை யாரும் நிலத்தைவிட்டு இறக்க முடியாது. அதை எதிர்த்து மாமனாரின் அப்பா நெடுநாள் வழக்கு நடத்தித் தோற்றிருந்தார். மாமனாரும் பக்கிரியும் ஒரே வயது. இருவரும் பேசி நான் பார்த்ததில்லை. குத்தகை நெல்லைப் பக்கிரியின் மகள்தான் கொண்டுவந்து போடுவாள்.

எனக்குக் கதை விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பைபாஸ் பேச்சு வந்துவிட்டது, நிலம் விலை ஏறப்போகிறது. பக்கிரியை எப்படியாவது கிளப்பிவிட்டு விற்கப் பார்க்கிறார். பூர்வீகச் சொத்து, மகன் கையெழுத்து வேண்டும். அதற்காகத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறார். மருமகள் மீன்காரர் வீட்டுப் பெண், அவள் காதில் விழக்கூடாது. கணவரிடம் கேட்டதற்கு, "அப்பா விஷயம், விடு" என்றார். விடவில்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த ஊரில் குளிர்காலத்தில் சுற்றுலாக்காரர்களை ஒரு சாயங்காலம் உறைந்த ஏரிக்குக் கூட்டிப்போய், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்க வைத்து, வானத்தில் தெரியும் வடதுருவ ஒளியைக் காட்டி அழைத்துவருவார்கள். என் கணவர் மூன்று பேருக்கு ஏற்பாடு செய்திருந்தார். அன்று பார்த்து அவருக்கு வேலையில் அவசரம். நானும் மாமனாரும்தான் போனோம். எங்களோடு ஒரு ஜெர்மன் தம்பதி, இரண்டு கல்லூரி மாணவர்கள். வழிகாட்டி ஒரு உயரமான பெண், முப்பது வயதிருக்கும். எல்லோருக்கும் கழுத்து முதல் கால் வரை மூடும் கனத்த உடையைக் கொடுத்தாள். மாமனார் பையிலிருந்து தன் துண்டை எடுத்து அதற்கு மேல் தலைப்பாகை கட்டிக்கொண்டார். மதியம் தாண்டியதுமே அங்கே இருட்டிவிடும். பனியில் ஓடும் வண்டியின் பின்னால் கட்டிய சறுக்குப் பலகையில் உட்காரவைத்து ஏரிக்கரைக்குக் கொண்டுபோனாள்.

அவர் கரையிலேயே நின்றுவிட்டார்.

"கீழ தண்ணியா தரையா?"

"தண்ணிதான் மாமா. மேல கட்டியா உறைஞ்சிருக்கு."

"எவ்ளோ கனம்னு கேளு."

கேட்டேன். அவள் கையை நீட்டி, முழங்கை வரை என்று தொட்டுக் காட்டினாள்.

"எங்க அளந்தாளாம்? இங்கயா, நடுவுலயா?"

அதையும் கேட்டேன். அவள் சிரிக்காமல், இரும்புத் திருகு ஒன்றை எடுத்துவந்து அவர் காலுக்கு முன்னாலேயே பனிக்கட்டியில் துளை போட்டு, குச்சியை விட்டு அளந்து காட்டினாள். பிறகு தூரத்தில் சிவப்பு நாடா கட்டிய கம்புகள் வரிசையாக நட்டிருப்பதை விளக்கடித்துக் காட்டி, அதற்கு அப்பால் ஓர் ஓடை வந்து கலக்கிறது, அடியில் தண்ணீர் ஓடுவதால் பனிக்கட்டி மெல்லிசு, யாரும் போகக்கூடாது என்றாள். நான் சொன்னதும் மாமனார் தலையாட்டினார்.

"அங்க போகாதீங்கன்னு சொல்றா பாரு, இப்பத்தான் இவ மேல கொஞ்சம் நம்பிக்கை வருது."

அப்படியும் எல்லோரையும் முன்னால் நடக்கவிட்டு, அவர்கள் கால் பதிந்த தடத்திலேயே தன் காலை வைத்து வந்தார். எனக்கும் பயம்தான். நான் பிறந்து வளர்ந்த தண்ணீர் அசைந்துகொண்டே இருக்கும். அசையாத தண்ணீரை எப்படி நம்புவது என்று தெரியவில்லை. நடுவில் ஒருமுறை ஏரி அடிவயிற்றிலிருந்து உறுமியது. நீளமாக, மாடு முக்குவது மாதிரி. அப்படிச் சத்தம் போட்டால் கட்டி இறுகுகிறது என்று அர்த்தம், நல்லதுதான் என்றாள் வழிகாட்டி.

"கத்துறது நல்லதாம்" என்று சொல்லிவிட்டு மாமனார் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

ஆளுக்கொரு துளை. உட்காரக் கலைமான் தோல். கையில் முழம்கூட இல்லாத குட்டித் தூண்டில். தூண்டில் நரம்பைத் துளைக்குள் இறக்கி, மெல்லத் தூக்கித் தூக்கி விடவேண்டும். மற்றவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மாமனார் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு குனிந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மீன் வந்தது. உடம்பில் கோடு, முதுகில் முள். நம்மூர் பனையேறிக் கெண்டைக்கு அண்ணன் மாதிரி இருந்தது. அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஓர் இளக்கம் வந்தது.

"கோடைல வாய்க்கா வத்துனா நானும் பக்கிரியும் இப்படித்தான். குட்டையில கையளவு தண்ணி நிக்கும். அவன் கைய விட்டான்னா விரால் இல்லாம வெளிய வராது. எனக்குத் தூண்டில்தான்."

பக்கிரி பெயரை அவர் வாயால் நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை. எதற்காக இப்போது என்னிடம் சொல்கிறார் என்று யோசித்தேன். என்னையும் தன் பக்கம் சேர்க்கப் பார்க்கிறாரோ என்று தோன்றியது. "ம்" என்று மட்டும் சொன்னேன்.

வடக்கே வானத்தில் பச்சையாக ஒரு மங்கல் எழுந்தது. மேகம் என்று நினைத்தேன். அது நீண்டு, மடிந்து, உலர்த்திய சேலை காற்றில் ஆடுவது போல ஆடியது. ஜெர்மன்காரர்கள் எழுந்து நின்றார்கள். மாமனார் ஒரு கண்ணால் பார்த்தார்.

"டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்காங்கன்னு சுரங்கத்துலேர்ந்து லைட் அடிக்கிறானா?"

"இல்ல மாமா, இது தானா வர்றது."

"இருக்கட்டும்" என்று துளைக்குள் குனிந்துகொண்டார்.

அதன்பிறகு நடந்தது சட்டென்று நடந்தது. பச்சை மங்கி, தெற்கே மரங்களுக்குப் பின்னால் தாழ்வாகச் சிவப்பு ஏறியது. இந்த நிறம் அபூர்வம், நீங்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் தூண்டில் விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். மாமனார் எழுந்து நின்றார்.

"எரியுது. எந்தத் தெரு அது?"

நான் பதில் சொல்வதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். யார் தடத்திலும் காலை வைக்கவில்லை. சிவப்பைப் பார்த்து நேராகப் போனார், அந்தக் கம்புகள் நட்டிருந்த பக்கம். நான் கூப்பிட்டேன். வழிகாட்டியும் கத்தினாள். அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. கம்புகளைத் தாண்டிவிட்டார். நான் ஓடினேன். அந்தக் கனத்த பூட்ஸில் ஓட்டம் வரவில்லை. கம்பைத் தாண்டியபோது காலடியில் சத்தம் மாறியதை உணர்ந்தேன், மண்பானையைத் தட்டினால் வருகிற மாதிரி. நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. எட்டி அவர் கையைப் பிடித்தேன்.

"மாமா, அது நெருப்பு இல்ல."

"கூப்புடுறான். போவணும்."

"யாரும் கூப்புடல மாமா. வானம். வெறும் வானம்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

முகத்தை என் பக்கம் திருப்பினார். அந்தச் சிவப்பில் அவர் கண்ணில் தண்ணீர் நிற்பது தெரிந்தது. என்னைப் பார்த்தார், காலடியைப் பார்த்தார். அதற்கு மேல் யாரையும் எதையும் கேட்கவில்லை. வழிகாட்டி தூரத்திலேயே குப்புறப் படுத்து ஒரு கயிற்றை வீசி, நீங்களும் படுத்துத் தவழ்ந்து வாருங்கள், ஒருவருக்கொருவர் தள்ளி வாருங்கள் என்றாள். நான் சொன்னதும் மாமனார் மறுபேச்சில்லாமல் படுத்தார். எழுபதை நெருங்கிய அந்த மனுஷர் தலைப்பாகையோடு பனியில் வயிறு தேய நகர்ந்து வந்தார்.

கரையில் ஒரு கூடாரத்தில் விறகு மூட்டியிருந்தார்கள். மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்து மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், நெருப்பைப் பார்த்தபடி சொன்னார்.

கூலி உயர்வு கேட்டு ஆட்கள் அறுப்புக்கு வரமாட்டோம் என்று நின்ற தை மாதம். திராவிடக் கட்சி புதிதாக ஆட்சிக்கு வந்திருந்தது. இனி ஏழைக்கு நியாயம் கிடைக்கும் என்று கீழத்தெருவும், நம் கையைவிட்டு எல்லாம் போய்விடும் என்று மேலத்தெருவும் நினைத்துக்கொண்டிருந்த சமயம். இவர் அப்பா வெளியூர் ஆட்களை வைத்து அறுத்தார். அன்று அவர் வக்கீலைப் பார்க்க மாயவரம் போயிருந்தார். வீட்டில் இவரும் அம்மாவும் இரண்டு தங்கைகளும். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கீழத்தெரு பக்கம் வானம் சிவந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"பக்கிரிதான். வண்டியக் கேட்டான். ஆத்தா வெந்து கெடக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும்னான். எங்க வீட்டுலதான் வண்டி. அவன் பின்னாடி ஆளுங்க நிப்பாங்க, தொறந்தா உள்ள வந்துருவாங்கன்னு நான் தாழ்ப்பாளப் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

"அப்புறம்?"

"கயித்துக் கட்டில்ல தூக்கிட்டுப் போனாங்க. வழியிலயே போயிடுச்சு. அந்த ஆத்தா கையால நான் எத்தன நாள் கஞ்சி குடிச்சிருக்கேன்."

தீ வைத்தது யார் என்பது இன்றுவரை தெரியாது. இரண்டு தெருவும் ஒன்றையொன்று சொல்லிற்று.

கொஞ்ச நேரம் கழித்து அவரே விஷயத்துக்கு வந்தார். ஐந்து மாவையும் பக்கிரிக்கே எழுதிவிட வேண்டும். மகன் ஒப்புக்கொள்ளவில்லை. பைபாஸ் வரட்டும், விற்கலாம் என்கிறான். அதைத்தான் இத்தனை நாளாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நினைத்ததற்கு நேர் எதிர். ஆனாலும் உடனே என்னால் நம்ப முடியவில்லை.

"இத்தன வருசம் இல்லாம இப்ப எதுக்கு மாமா?"

"நான் இருக்குற வரைக்கும் அவன யாரும் தொடமாட்டாங்க. எனக்கப்புறம் நீங்க ஏதாவது பண்ணிக் கெளப்பிடுவீங்கன்னு சந்தேகம்."

"நாங்கன்னா? நானுமா?"

"உன் மேலயும்தான்."

கோபம் வந்தது. "அப்ப எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?"

அவர் காபியை ஒரு மடக்குக் குடித்தார்.

"பின்னாடியே வந்தல்ல. அது தாங்குமா தாங்காதான்னு உனக்கும் தெரியாது."

என் கணவரை ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க ஆயிற்று. கோடையில் ஊருக்குப் போனபோது அவர் கையெழுத்துப் போடத் தயார். பக்கிரிதான் வரவில்லை. பத்திர ஆபீசில் இரண்டு முறை மாமனார் காத்திருந்துவிட்டுத் திரும்பினார். மூன்றாம் முறை என்னைக் கூட்டிக்கொண்டு பக்கிரி வீட்டுக்கே போனார். கீழத்தெருவுக்குள் அவர் காலெடுத்து வைத்தது எத்தனை வருஷம் கழித்தோ தெரியாது. வாசல்களில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

காலனி வீட்டு முற்றத்தில் பக்கிரி உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் புரை. மகள் எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

"எழுதித் தரேன்னு சொல்லியனுப்புனேன். நீ வரல" என்றார் மாமனார்.

"எதுக்குத் தரீங்க சின்னய்யா? என்னைய எறக்க முடியாதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு? ரோடு வருதுங்குறாங்க. உள்ள என்ன இருக்கோ."

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நியாயமாத்தான் கேக்குறான்" என்றார்.

பக்கிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோழி ஒன்று நாற்காலிக் காலுக்கடியில் கொத்திக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நீங்க உள்ளதான் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"என் கொரல் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நான்தான்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது பக்கிரி."

பக்கிரி புரை விழாத கண்ணால் அவரையே பார்த்தார்.

"உன் காதுல விழலன்னு நெனச்சுக்கிட்டேன். பின்கட்டுல எங்கயோ இருந்திருப்பன்னு. அப்படி நெனச்சுக்கிட்டுத்தான் இத்தன வருசமும் உன் நெலத்துல கால வெச்சேன்."

மகளைக் கூப்பிட்டார். "ஆபீசுக்கு நீ போயி வாங்கிக்க. நான் வரல" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

மகள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். நான் மெல்ல, "போலாமா மாமா?" என்றேன்.

"இரு. இன்னும் ஏதாச்சும் கேக்கணும்னா கேக்கட்டும்."

பக்கிரி வெளியே வரவில்லை. நிழல் சுருங்கி, வெயில் அவர் மடிக்கு ஏறும் வரை மாமனார் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.